பன்னிரண்டரை வராத கட்டங்கள்: ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கியவர்களுக்கு

சின்னத் துணித்துண்டுகளை இணைத்துச் சதுரக் கட்டங்களாக்கி, அந்தக் கட்டங்களைச் சேர்த்துத் தைப்பதுதான் ஒட்டுப்போர்வை. எங்கள் போர்வைக்கான இருபது கட்டங்களையும் கோயில் மண்டபத்துத் தரையில் பரப்பிப் பார்த்த மாலையில்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. வரிசைக்கு நான்கு, மொத்தம் ஐந்து வரிசை. ஒரு கட்டம் ஓரமாக ஒடுங்கிக் கிடக்கிறது. பக்கத்துக் கட்டம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லாருக்கும் சொல்லி அனுப்பியது ஒரே அளவுதான், 12½ அங்குலம். வந்து சேர்ந்தவை 11¾ முதல் 12¾ வரை. ஏழு பேர், ஏழு மெஷின், ஏழு விதமான பன்னிரண்டரை.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர்கள். சுற்றியிருக்கும் தோட்டங்களில் பிறந்து, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தவர்கள்தாம் எங்களில் பாதிப் பேர். வாரத்தில் ஒரு மாலை கூடித் தைப்போம். ஓய்வு பெறப்போகும் ஓர் ஆசிரியைக்குப் போர்வை தைத்துக் கொடுப்பது என்று முடிவானது. பழைய கைலி, நூல் சேலை, தையல் கடையில் மிஞ்சும் பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய பூவேலைத் துணி) வெட்டுத்துணி ஆகியவற்றைச் சேர்த்தோம். வியாழக்கிழமைகளில் அரசு ஊழியர்கள் பாத்தேக் உடுத்துவதால் அந்த வெட்டுத்துணிக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை. கேட்டால் பை நிறையக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று ஓர் அக்கா உடனே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். “இருப்பதில் சின்னது எதுவோ, அந்த அளவுக்கு எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். எதற்கு இவ்வளவு யோசனை?” என்றார். புதிதாகத் தைப்பவர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற வழி இதுதான். பெரும்பாலும் இதுதான் மோசமான வழியும். ஒரு கட்டம் கெட்டதற்காகப் பத்தொன்பது கட்டங்களைக் குறுக்குவதில் என்ன நியாயம்? கத்தரிக்கோல் கடைசியில் வரட்டும். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அளவு என்றால் எந்த அளவு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 12½ அங்குலம் என்பது கட்டத்தைப் போர்வையோடு இணைப்பதற்கு முன் உள்ள அளவு. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அதைத்தான் தையல் ஓரம் என்று சொல்லப்போகிறேன். போர்வை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரிவது 12 அங்குலம்தான். “பன்னிரண்டு அங்குலக் கட்டம்” என்று யாராவது சொன்னால், இணைப்பதற்கு முன்னா பின்னா என்று கேட்டுவிடுங்கள். கேட்காததால் அரை அங்குலம் தொலைத்தவர்கள் பலர்.

எங்கள் கட்டம் மிக எளியது: மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம். ஒவ்வொரு சதுரமும் 4½ அங்குலமாக வெட்டப்படும். மூன்றைச் சேர்த்தால் 13½. நடுவில் வரும் இரண்டு தையலும் தலைக்கு அரை அங்குலம் விழுங்கினால் மீதி 12½. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் எங்கே என்று கண்டுபிடிக்க இதுதான் உதவப்போகிறது.

படி ஒன்று: இஸ்திரி போட்டுவிட்டு அளப்பது

கசங்கிய கட்டத்தை அளக்காதீர்கள். தையல் மடிப்பு சரியாகப் பிரியாமல் உள்ளுக்குள் சின்னதாக மடங்கியிருந்தால் அங்கேயே அரைக்கால் அங்குலம் ஒளிந்துகொள்ளும். கட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, தையல் ஓரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு நல்ல பக்கம் திருப்பி அழுத்துங்கள். அழுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன், தேய்க்கச் சொல்லவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல இழுத்து இழுத்துத் தேய்த்தால் துணி நீண்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும். பெட்டியைத் தூக்கி வைத்து, தூக்கி எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். எங்களிடம் வந்த இரண்டு கட்டங்கள் இதிலேயே குணமாகிவிட்டன. அவற்றுக்கு வேறு ஒன்றுமே தேவைப்படவில்லை.

அடுத்து, அளக்கும் டேப்பையே அளந்து பாருங்கள். துணி டேப் வருடக்கணக்கில் கழுத்தில் தொங்கித் தொங்கி நீண்டுவிடும். எங்கள் ஏழு டேப்பையும் ஓர் இரும்பு அடிக்கோலோடு வைத்துப் பார்த்தோம். ஒன்று 12 அங்குலத்துக்குள் ⅛ நீண்டிருந்தது. அந்த டேப்புக்கு அன்றோடு ஓய்வு கொடுத்தோம்.

ஒவ்வொரு கட்டத்திலும் அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மேல் ஓரம், நடு, கீழ் ஓரம். உயரத்துக்கும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. அவை இரண்டும் ஒன்றாக இருந்தால் கட்டம் நேராக இருக்கிறது, இல்லையென்றால் சாய்ந்திருக்கிறது. 12½ அங்குலச் சதுரத்தில் குறுக்களவு 17⅝-க்கும் 17¾-க்கும் இடையில் விழும். எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்தக் கட்டத்திலேயே குண்டூசியால் குத்திவிடுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏழாவது கட்டத்தில் எல்லாம் கலந்துவிடும்.

மூலை செங்கோணமா என்று பார்க்க வீட்டுத் தரையில் பதித்த டைல்கூடப் போதும். ஆனால் அளவுக்கு அதை நம்பாதீர்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று நாம் சொல்லும் டைல் உண்மையில் 30 சென்டிமீட்டர்; 11¾ அங்குலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். என் முதல் போர்வை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.

எங்கள் இருபது கட்டங்களின் கணக்கு இப்படி வந்தது: சரியான அளவில் ஒன்பது, 12¼ அங்குலத்தில் ஐந்து, 12 அங்குலத்தில் மூன்று, 12¾ அங்குலத்தில் இரண்டு, மிகச் சின்னது ஒன்று. அந்த ஒன்று ஒரு பக்கம் 11¾, மறுபக்கம் 12.

படி இரண்டு: ஏன் இப்படி வந்தது

இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். தாண்டாதீர்கள். சின்னதாகப் போன இரண்டு கட்டங்களில் ஒன்றைப் பிரித்துத் தைத்துக் காப்பாற்றலாம், மற்றொன்றை எத்தனை முறை பிரித்தாலும் காப்பாற்ற முடியாது. எது எது என்பது காரணம் தெரிந்தால்தான் தெரியும்.

12¼ வந்த ஐந்தையும் தைத்தவர்கள் இரண்டு பேர். இருவரும் வருடக்கணக்காக ரவிக்கை தைப்பவர்கள். கை தானாகவே கூடுதலாக ஓரம் பிடித்துவிடும். கட்டத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் தையல் ஓரம் கால் அங்குலமாக இல்லை, அதைவிட ¹⁄₁₆ தடிமனாக இருந்தது. மில்லிமீட்டரில் சொன்னால் ஆறரைக்குப் பதில் எட்டு. இவ்வளவுதானே என்பீர்கள். ஒரு தையலில் இரண்டு துணியிலும் அது போவதால் தையலுக்கு ⅛ நஷ்டம். இரண்டு தையலில் ¼. இதே கை வரிசைக்கு எட்டுத் துண்டு உள்ள கட்டத்தைத் தைத்திருந்தால் ஏழு தையலில் ⅞ அங்குலம் போயிருக்கும். துண்டு கூடக் கூடத் தவறும் வட்டிபோல ஏறும். புதியவர்கள் சின்னச் சின்னத் துண்டுகளை வைத்துத் தொடங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

12¾ வந்த இரண்டும் இதற்கு நேர்மாறு. ஓரம் ¹⁄₁₆ குறைவாகப் பிடித்ததால் கட்டம் வளர்ந்துவிட்டது. துணி வீணாகாமல் இருக்கட்டும் என்று தைத்தவர் சிக்கனம் பார்த்தாராம். அளவு கிடக்கட்டும், ஓரம் அப்படி மெலிந்தால் நாலு முறை துவைத்ததும் தையல் விட்டுப்போகும்.

12 அங்குலம் வந்த மூன்றும்தான் எங்களை மலைக்க வைத்தன. தையல் ஓரம் கச்சிதமாகக் கால் அங்குலம். கைவேலையில் குறையே இல்லை. பிறகுதான் தைத்த பெண் சொன்னாள்: “நான் 11 சென்டிமீட்டருக்கு வெட்டினேன் அக்கா. நாலரை அங்குலம் என்றால் அவ்வளவுதானே?” இல்லை. 4½ அங்குலம் என்பது 11.43 சென்டிமீட்டர். சதுரத்துக்கு நான்கு மில்லிமீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்து, மூன்று சதுரத்தில் அது அரை அங்குலமாகிவிட்டது. நாட்டில் பள்ளிக்கூடம், கடை, சாலை எல்லாம் மெட்ரிக் முறைக்குப் போய்விட்டன. தையல்காரர்களும் ஒட்டுப்போர்வைக்காரர்களும் மட்டும் இன்னும் அங்குலத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். டேப்பின் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது. இளையவர்கள்மேல் தவறில்லை. எந்தப் பக்கத்தைப் பார்த்து வெட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பாதது எங்கள் தவறு. இரண்டில் எதை வைத்தும் தைக்கலாம். ஒரே போர்வைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மிகச் சின்னது, எங்களில் மூத்த பாட்டியின் கட்டம். ஒரு காலத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனவர். இன்றும் காலால் மிதிக்கும் மெஷின்தான். புதிதாக வாங்கிய நூல் துணியை நனைக்காமலேயே வெட்டித் தைத்துவிட்டார். பிறகு மேலே காப்பி கொட்டியிருக்கிறது, கட்டத்தைத் துவைத்துவிட்டார். தைத்தபோதே கொஞ்சம் குறைந்திருந்தது. துவைத்ததில் மேலும் சுருங்கியது. நூல் துணி பெரும்பாலும் நீளவாக்கில், அதாவது கரையை ஒட்டிய திசையில்தான் அதிகம் சுருங்கும். அதனால்தான் ஒரு பக்கம் 11¾, மறுபக்கம் 12.

இதில் எதுவுமே உங்கள் கதையாக இல்லையென்றால், முக்கோணத்தைப் பாருங்கள். சதுரத்தைக் குறுக்காக வெட்டினால் வரும் நீண்ட ஓரம் கிராஸ் வெட்டு; தொட்டாலே இழுபடும். முக்கோணம் உள்ள கட்டங்களில் அளவு மாறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்த ஓரம்தான். அதற்கு இரண்டு மருந்து. வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டுவிடுங்கள். வடித்த கஞ்சியை நன்றாக நீர்விட்டு வடிகட்டித் தோய்த்தால் போதும். உலர்ந்து இஸ்திரி போட்டதும் துணி காகிதம்போல நிற்கும். இரண்டாவது, முக்கோணச் சதுரங்களை வேண்டுமென்றே பெரிதாகத் தைத்து, பிறகு வெட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கட்டத்துக்குள் 4 அங்குலமாகத் தெரிய வேண்டிய முக்கோணச் சதுரத்துக்கு 4⅞ அங்குலச் சதுரத்தை வெட்ட வேண்டும் என்பது கணக்கு. நான் 5 அங்குலம் வெட்டி, தைத்த பிறகு 4½ அங்குலத்துக்குக் கொண்டுவருகிறேன். கொஞ்சம் துணி வீணாகும், நிம்மதி கிடைக்கும்.

படி மூன்று: உங்கள் மெஷினின் கால் அங்குலத்தைக் கண்டுபிடிப்பது

இன்னொரு கட்டம்கூடத் தைப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். நீளம் நான்கு விரல் இருந்தால் போதும். மூன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். நடுப்பட்டை மெலிந்திருந்தால் நீங்கள் ஓரம் அதிகம் பிடிக்கிறீர்கள். தடித்திருந்தால் குறைவாகப் பிடிக்கிறீர்கள்.

மெஷினின் பாதத்து விளிம்பைப் பார்த்துத் தைப்பதுதான் பலருக்கு வழக்கம். சாதாரணப் பாதத்தின் விளிம்பு பெரும்பாலும் ஊசியிலிருந்து கால் அங்குலத்தைவிடத் தள்ளியே இருக்கும். ஒரு தாளின் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் கோடு போட்டு, ஊசியைக் கையால் இறக்கி அந்தக் கோட்டில் குத்த வையுங்கள். பாதத்தை இறக்கி, தாளின் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே ஊசித் தட்டின்மேல் காகித ஒட்டுநாடாவை நேராக ஒட்டுங்கள். இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் துணி முட்டி நிற்கச் சுவர்போல இருக்கும். பாபின் மூடியைத் திறக்க வழி விட்டு ஒட்டுங்கள். நான் முதல்முறை அதன்மேலேயே ஒட்டிவிட்டேன்.

நாடாவைச் சரியாகக் கால் அங்குலத்தில் ஒட்டாமல் ஒரு நூல் ஊசிப் பக்கமாகத் தள்ளி ஒட்டுவது நல்லது. தையலை மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்னும். அதற்கு ஈடு இது. இங்கே ஒரு நூல் என்பது மெய்யாகவே நூலிழையின் தடிமன். ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்றால் ⅛ அங்குலம். அதைக் கேட்டு நாடாவை நகர்த்திவிடாதீர்கள்.

படி நான்கு: கெட்டதைச் சரிசெய்வது

எவ்வளவு வித்தியாசம், எந்தப் பக்கமாக, என்ன காரணம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும்.

⅛ அங்குலம் வரை வித்தியாசம் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். உண்மையாகவே எதுவும் வேண்டாம். இணைக்கும்போது கையே சரிசெய்துவிடும்.

¼ அங்குலம் வரை என்றால் இழுத்து அமர்த்தித் தைக்கலாம். பெரிய கட்டத்தையும் சின்னக் கட்டத்தையும் நல்ல பக்கங்கள் உள்ளே வர ஒன்றின்மேல் ஒன்று வைத்து முதலில் இரண்டு முனையிலும் குண்டூசி, பிறகு நடுவில், பிறகு தையல்கள் சந்திக்கும் இடங்களில், மிச்சத்தை அவற்றுக்கிடையே சமமாகப் பங்கிட்டு மேலும் சில. மெஷினில் வைக்கும்போது பெரிய கட்டம் கீழே இருக்க வேண்டும். கீழே இருக்கும் பற்கள் அடித்துணியைச் சற்று வேகமாக உள்ளே தள்ளும். கூடுதலாக இருக்கும் துணியை அவையே விழுங்கிவிடும். தலைகீழாக வைத்தால் மேல்துணி முனையில் குவிந்து சுருக்கம் விழும். பழைய நூல் சேலை இதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும். பாத்தேக் கொடுக்காது; நெசவு நெருக்கமாக இருப்பதால் முரண்டு பிடிக்கும். பாத்தேக் என்றாலே நூல் துணி என்றும் நினைத்துவிடாதீர்கள், ரேயானிலும் வருகிறது. வழுக்கிக்கொண்டு போவது ரேயான். அதை நூல் துணியோடு சேர்த்தால் இழுபறிதான்.

பெரிதாகப் போன கட்டத்தை வெட்டலாம், ஆனால் ஒரே பக்கத்தில் வெட்டாதீர்கள். ¼ அதிகம் என்றால் நான்கு பக்கமும் ⅛ எடுங்கள். ஒன்பது சதுரக் கட்டத்தில் இது யாருக்கும் தெரியாது. நட்சத்திரம்போல முனைகள் ஓரம் வரை வரும் கட்டம் என்றால் வெட்டுவதற்கு முன் முனையிலிருந்து விளிம்பு வரை அளந்து பாருங்கள். கால் அங்குலம் மிஞ்சவில்லையென்றால், இணைத்த பிறகு நட்சத்திரத்தின் மூக்கு அறுந்துபோகும். அப்படிப்பட்ட கட்டத்தைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

பிரித்துத் தைப்பது யாருக்குமே பிடிக்காது. ஆனால் சதுரங்கள் சரியாக 4½ இருந்து, தையல் மட்டும் தடித்துப்போன கட்டத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. பழைய தையலுக்குச் சற்று வெளியே, விளிம்பின் பக்கமாகப் புதிய தையலைப் போட்டுவிட்டு, அதன்பிறகு பழையதைப் பிரியுங்கள். துண்டுகள் கழன்று விழாது. மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நறுக்கி, மறுபக்கத்து நூலை உருவினால் வந்துவிடும். இரண்டு துணியையும் பிடித்துக் கிழிப்பதுபோல இழுத்தால் ஓரம் நீண்டு, பழைய நோய் போய்ப் புதிய நோய் வரும்.

வெட்டும்போதே குறைந்துபோன கட்டம், சுருங்கிய கட்டம் இரண்டும் பிரிப்பதால் வளராது. இல்லாத துணியை எங்கிருந்து கொண்டுவருவது? அவற்றுக்குத் துணி கூட்ட வேண்டும். அதாவது, படத்துக்குச் சட்டம் போடுவதுபோலக் கட்டத்தைச் சுற்றிப் பட்டை தைத்து, வெளி அளவை வெட்டிச் சமன் செய்ய வேண்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, சின்னக் கட்டங்களுக்கு மட்டும் சட்டம் போடுவது. 12 அங்குலக் கட்டத்தை 12½ ஆக்கச் சட்டம் போட்டால், முடிவில் வெளியே தெரிவது கால் அங்குலப் பட்டைதான். அவ்வளவு மெல்லிய பட்டையில் கோணல் கொஞ்சம் இருந்தாலும் பளிச்சென்று தெரியும். தவிர, கட்டுப் போட்ட விரல்போல அந்தக் கட்டம் மட்டும் தனியாக நிற்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் சட்டம், ஒரே நிறத்தில். நாங்கள் எடுத்த முடிவும் அதுதான். நான்கு கட்டங்கள் வேறு வழியில் தேறாது என்று தெரிந்ததும் இருபதுக்குமே போட்டுவிட்டோம்.

புதிய இலக்கு 14½ அங்குலம் என்று வைத்தோம். பட்டையை 2 அங்குல அகலத்தில் வெட்டினோம். மிகச் சின்னக் கட்டமான 11¾, இருபக்கமும் பட்டை சேர்ந்து தையல் போக 14¾ ஆகும். வெட்டிச் சமன் செய்ய ¼ மிச்சம் இருக்கும். உங்கள் அளவு வேறாக இருந்தால் இந்தக் கணக்கை உங்களிடம் உள்ள மிகச் சின்னக் கட்டத்தை வைத்துப் போடுங்கள்: சின்னக் கட்டத்தின் அளவோடு பட்டை அகலத்தின் இரண்டு மடங்கைக் கூட்டி, 1 அங்குலத்தைக் கழியுங்கள். வருவது இலக்கைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும்.

துணி எவ்வளவு? 44 அங்குல அகலத் துணியில் கரை போக 42 கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு இரண்டு குட்டைப் பட்டை, இரண்டு நீளப் பட்டை, அதாவது சுமார் 12½ இரண்டும் 15½ இரண்டும். இருபது கட்டத்துக்கு அகலவாக்கில் 30 பட்டை வெட்ட வேண்டியிருக்கும். 60 அங்குலம், ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். நனைத்தால் சுருங்கும், வெட்டினால் கோணும். இரண்டு மீட்டர் வாங்கிவிடுங்கள். வாங்கியதும் நனைத்து உலர்த்துங்கள். பாட்டியின் காப்பியை நினைவில் வையுங்கள். நிறம் அடர்த்தியாக இருக்கட்டும். நாங்கள் கருநீலம் எடுத்தோம். வெளிர் நிறத்தில் சட்டத்தின் அகல வேறுபாடு கண்ணில் படும்.

தைக்கும் முறை: கட்டத்தின் நடு அளவை எடுத்து, அதே நீளத்தில் இரண்டு பட்டை வெட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் தைத்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். பிறகு மறுபடி நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கு மற்ற இரண்டு பட்டை. நீண்ட பட்டையை அப்படியே வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை நறுக்குவது சுலபம்தான். ஆனால் தளர்ந்த ஓரம் அந்தப் பட்டையோடு சேர்ந்து அலைபோல நெளியும். நடு அளவுக்கு வெட்டிய பட்டைதான் கட்டத்தை இழுத்துப் பிடித்துச் சதுரமாக்கும்.

இனிமேல் வெட்டலாம். கத்தரிக்கோலின் நேரம் இதுதான். 14½ அங்குலத்தில் ஓர் அச்சு தேவை. பெட்டி அட்டையில் செய்தால் பத்தாவது கட்டத்துக்குள் ஓரம் தேய்ந்து அளவு மாறும். விளம்பரப் பலகை செய்யும் கடையில் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தகட்டில் மிஞ்சிய துண்டு இருந்தால் கேட்டு, செங்கோணமாக அறுத்து வாங்குங்கள். அதில் நட்டநடுவே கூட்டல் குறிபோல இரண்டு கோடு போடுங்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு விளிம்புக்கும் 7¼ வர வேண்டும். கட்டத்தையும் இரண்டாக, பிறகு நான்காக மடித்து அதன் நடுக்கோடுகளைத் தையல் சாக்கால் குறியுங்கள். கோட்டின்மேல் கோட்டை வைத்து, நான்கு பக்கமும் அச்சுக்கு வெளியே துணி எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். மூலையில் வைத்து வெட்டினால் கட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். நடுவிலிருந்து தொடங்கினால்தான் சட்டம் நான்கு பக்கமும் ஒத்திருக்கும்.

சரியான கட்டத்தைச் சுற்றி முடிவில் 1 அங்குலச் சட்டம் தெரியும். பாட்டியின் கட்டத்தைச் சுற்றிச் சில இடங்களில் 1⅜. பக்கத்துக் கட்டத்தின் சட்டமும் அதே நிறம் என்பதால் இரண்டும் கலந்து ஒரே பட்டையாகிவிடும். எது எது என்று நாங்களே தேடித்தான் கண்டுபிடித்தோம். 48-க்கு 60 ஆக இருந்திருக்க வேண்டிய போர்வை 56-க்கு 70 அங்குலமாக வளர்ந்தது. ஆசிரியைக்கு லாபம்.

படி ஐந்து: இணைப்பது

வரிசை வரிசையாக இணையுங்கள். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் இடப்பக்கமும் அடுத்த வரிசையின் ஓரங்களை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசைகள் சேரும் இடத்தில் ஒன்றுக்கொன்று முட்டிப் பூட்டுப்போல உட்காரும். மூலைகள் தாமாகச் சந்திக்கும்.

சுற்றிலும் கரைப்பட்டை வைப்பதாக இருந்தால் போர்வையின் ஓரத்தை அளக்காதீர்கள். ஓரம் எப்போதும் நீண்டிருக்கும். நடுவில் அளந்து, எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். சட்டத்துணியிலேயே கரையையும் போட்டுவிட்டால் மூலைக் கட்டங்கள்தாம் மிகவும் மன்னிக்கக்கூடிய இடம். பார்ப்பவர் கண் முதலில் நடுவுக்குத்தான் போகும். அளவு மிகவும் தவறிய கட்டங்களை நான்கு மூலைக்கும் அனுப்புங்கள். நாங்களும் பாட்டியின் கட்டத்தைக் கீழ் மூலைக்குத்தான் அனுப்பினோம். அவர் வந்து பார்த்துவிட்டு, “என்னுடையதை ஏன் காலடியில் போட்டீர்கள்?” என்று கேட்டார். மேல் மூலைக்கு மாற்றினோம். வரிசைகளை இணைப்பதற்கு முன்பே எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

கூட்டாகத் தைப்பவர்கள் அடுத்த முறை செய்ய வேண்டியவை இரண்டுதான். துணியை ஒரே ஆள் ஒரே டேப்பில் வெட்டிப் பொட்டலமாகக் கொடுக்கட்டும். மூன்று பட்டைச் சோதனையைத் தைத்துக் காட்டாதவருக்குப் பொட்டலம் கிடையாது. மனத்தாங்கல் வரும், பரவாயில்லை, இருபது கட்டத்துக்குச் சட்டம் தைப்பதைவிட அது லேசு.

கஞ்சி போட்டுத் தைத்திருந்தால் போர்வை முடிந்ததும் ஒருமுறை துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திவிட்டுத்தான் மடித்து வைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் கஞ்சித் துணியை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். உலர்த்தும்போது கம்பியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த போர்வையின் கனமே தையல்களை இழுத்துவிடும். பாய் விரித்து, மேலே பழைய சேலை ஒன்றைப் போட்டு, அதன்மேல் சமமாகப் பரப்புங்கள்.